திங்கட்கிழமை முதலாளியிடம் எப்படிப் பேசுவது?

எல்லாருக்கும் இயேசுவுக்கே புகழ். மார்த்தாண்டம் பக்கம் ஒரு ரப்பர் ஷீட் கடையில் கணக்கு எழுதுகிறேன். மலையோரத்திலிருந்து ஷீட் கொண்டு வருகிறவர்களுக்கு எடையைக் கொஞ்சம் குறைத்து எழுதச் சொல்கிறார் முதலாளி. போன வாரம் முடியாது என்றேன். அவர் கத்தவில்லை. "திங்கட்கிழமை யோசித்துச் சொல்லு" என்றார். அதுதான் அதிகம் பயமாக இருக்கிறது. சீட்டுப் பணம், பிள்ளையின் பீஸ் எல்லாம் பாக்கி.

நம்ம நட்டாலத்தில் பிறந்த புனித தேவசகாயத்தை நினைத்துக்கொள்கிறேன். 1745-இல் ஞானஸ்நானம் பெற்றவர், 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்படும்வரை விசுவாசத்திலிருந்து பின்வாங்கவில்லை. அவர் கஷ்டப்பட்ட நேரத்தில், திருவிதாங்கூர் படையில் தளபதியாக இருந்த டிலனாய் பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொல்லித் தேற்றினாராம். நானும் இப்போது ராத்திரியில் அதைத்தான் வாசிக்கிறேன். ஆனால் தேவசகாயம் புனிதர். நான் முதலாளியின் பைக் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கிறவன்.

இப்படி நின்று பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். மரியாதை கெடாமல் என்ன பேசினீர்கள்? வேலை போயிருந்தால் முதல் இரண்டு மாதம் எப்படிச் சமாளித்தீர்கள்? வீட்டில் எப்போது சொன்னீர்கள்? நான் இன்னும் சொல்லவில்லை.

அப்புறம், ஞாயிறு பூசை முடிந்து காற்றாடிமலைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். ஆரல்வாய்மொழிப் பக்கத்திலிருந்து யாராவது கூட வருவீர்களா?