சேலம் – தூத்துக்குடி விமானம்: 55 நிமிடம் என்பது எந்தக் கணக்கு?

மிளகுக்கொடி (ஏற்காடு):
சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்திலிருந்து தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்கு விமான தூரம் 338 கி.மீ., பயண நேரம் 55 நிமிடம் என்று தூரம் காட்டும் தளம் ஒன்றில் போட்டிருக்கிறது. டிக்கெட் தேடினால் சென்னை போய் மாறச் சொல்லி அரை நாளைக் காட்டுகிறது. எதை நம்புவது? அப்பாவுக்கு முழங்கால் வலி, காரில் ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார முடியாது, ஆனால் தங்கச்சி வளைகாப்புக்கு வந்தே தீருவேன் என்கிறார்.

ஓமலூரான்:
தூரம் சரிதான், நேரடியாக ஏறிப் போகத்தான் விமானம் இல்லை. இரண்டு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து நேர்கோட்டில் அளந்து, ஜெட் வேகம் மணிக்கு 800 கி.மீ. என்று வைத்து வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தால் அந்த 55 வந்துவிடும். சேலத்துக்கு வருவது ஏடிஆர் என்கிற சின்ன புரொப்பெல்லர் விமானம், அதன் வேகம் சுமார் 500தான், நேரடியாக விட்டாலும் ஒரு மணிக்கு மேல் ஆகும். சென்னை வழியில் முதலில் 265, அப்புறம் 525, ஆக 790 கி.மீ. தெற்கே போக வேண்டியவர் வடகிழக்கே போய் வருவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

மிளகுக்கொடி:
பக்கத்திலேயே 182 என்றும் இருக்கிறதே அண்ணா?

ஓமலூரான்:
அது கடல்மைல். 1.852 ஆல் பெருக்குங்கள், கி.மீ. வந்துவிடும்.

உப்பளத்தான் (தூத்துக்குடி):
வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலம் தாண்டிக் கமலாபுரம் போகணும், கவுன்ட்டர் மூடுவதற்கு முன்னால் அங்கே நிற்கணும், சென்னையில் காத்திருக்கணும், இங்கே வாகைக்குளத்தில் இறங்கி ஊருக்குள் வரணும். காரில் கரூர், திண்டுக்கல், மதுரை வழியாகச் சேலத்திலிருந்து ஏறத்தாழ 380 கி.மீ., சாப்பிட நிறுத்தினாலும் ஏழு மணி நேரத்தில் வந்துவிடலாம். விமானத்தில்தான் என்றால் இரண்டு பயணத்தையும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் போடுங்கள். தனித்தனியாகப் போட்டு, முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் பணம் போனது போனதுதான், பெட்டியையும் சென்னையில் எடுத்து மறுபடி போடணும். ஏடிஆரில் வாசல் பின்பக்கம், அதனுடனேயே சின்னப் படிக்கட்டு இருக்கும், சக்கர நாற்காலி வேண்டுமென்று முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் கால்வலிக்காரருக்கு மைசூர் – தூத்துக்குடி எக்ஸ்பிரஸை ஏன் யாரும் சொல்லவில்லை? சேலம் வழியாகத்தான் வருகிறது. கீழ் பெர்த் கிடைத்தால் நீட்டிப் படுத்துக்கொண்டே வரலாம். என்ன, சேலத்துக்கு வரும்போது நள்ளிரவு தாண்டிவிடும்.

மிளகுக்கொடி:
அது பரவாயில்லை, இருட்டுவதற்கு முன்பே மலை இறங்கி, சேலம் ஜங்ஷன் பக்கம் சூரமங்கலத்தில் சித்தி வீட்டில் இருந்துவிட்டு ஏறிக்கொள்கிறோம். மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் கீழ் பெர்த் பார்க்கிறேன். நன்றி அண்ணா, இருவருக்கும்.