ஒரே நிலை மூன்று முறை: டிரா கேட்பது எப்போது, எப்படி?

கறுப்புக்கட்டம்:
சதுரங்கத்தில் பலகையில் ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா (வெற்றி தோல்வியின்றிச் சமன்) கேட்கலாம். ஆனால் நிலை மூன்றாம் முறை வந்ததும் பிள்ளைகள் காயை நகர்த்தி, கிளாக்கை அமுக்கிவிட்டுக் கையைத் தூக்குகிறார்கள். "இப்போ நீ கேட்க முடியாது, ஆடு" என்கிறார் ஆர்பிட்டர் (நடுவர்). மூன்று முறை வந்தது உண்மைதானே? அடுத்தடுத்து வந்தால்தான் செல்லுமா? தப்பாகக் கேட்டால் என்ன ஆகும்?

ஸ்கோர்ஷீட்:
அடுத்தடுத்து வர வேண்டியதில்லை. 20-ஆவது நகர்வில் ஒன்று, 31-இல் ஒன்று, 44-இல் ஒன்று வந்தாலும் சரிதான். ஆனால் யாருடைய முறையோ அவர்தான் கேட்கலாம். கிளாக்கை அமுக்கியதும் முறை எதிராளிக்குப் போய்விடுகிறது, அங்கேதான் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள்.

எதிராளியின் நகர்வால் மூன்றாம் முறை வந்திருந்தால், எந்தக் காயையும் தொடாமல் கேளுங்கள். தொட்டால் அந்த நகர்வுக்கு உரிமை போச்சு. உங்கள் நகர்வால் வரப்போகிறது என்றால் அதை ஸ்கோர்ஷீட்டில் (நகர்வுகளைக் குறிக்கும் தாளில்) எழுதுங்கள், பலகையில் ஆடாதீர்கள். கிளாக்கை நிறுத்தி ஆர்பிட்டரைக் கூப்பிட்டு, "இதை ஆடப்போகிறேன், நிலை மூன்றாம் முறை வருகிறது" என்று சொல்லுங்கள். 1971-இல் பியூனஸ் அயர்ஸில் நடந்த போட்டியில், முன்னாள் உலகச் சாம்பியன் பெட்ரோசியனுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் அமெரிக்க வீரர் ஃபிஷர் செய்தது இதுதான். 30, 32 நகர்வுகளில் ராணியை இ2 கட்டத்தில் வைத்தவர், 34-ஆவது நகர்வாக அதையே எழுதும்போதே கேட்டார். என்ன நடக்கிறதென்று பெட்ரோசியனுக்கு முதலில் பிடிபடவில்லை.

தப்பாகக் கேட்டால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், ஆட்டம் தொடரும். இப்படி உரிமை கோருவது (கிளெய்ம்) எதிராளியிடம் "டிரா செய்துகொள்ளலாமா" என்று கேட்டதாகவும் கணக்கு, அவர் விரும்பினால் ஒப்புக்கொள்ளலாம்.

யானைக்கட்டு:
பாதி தகராறு "ஒரே நிலை" என்பதில்தான். காய்கள் அதே கட்டங்களில் இருந்தால் போதாது. நகர்த்த வேண்டியவர் அதே ஆளாக இருக்க வேண்டும், செய்யக்கூடிய நகர்வுகளும் மாறியிருக்கக் கூடாது. காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது) உரிமையோடு இருந்த வெள்ளை ராஜா இ1-லிருந்து இ2 போய்த் திரும்பினால் பார்வைக்குப் பலகை அச்சு அசல் பழையதுதான். ஆனால் உரிமை போய்விட்டது, எண்ணிக்கை திரும்பி வந்ததிலிருந்து புதிதாகத் தொடங்கும். முதல் தடவை என் பாசன்டில் (இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயை உடனடி அடுத்த நகர்வில் மட்டும் வெட்டும் முறையில்) சிப்பாயை வெட்ட வாய்ப்பிருந்து, அடுத்த தடவை இல்லை என்றாலும் அப்படித்தான். இரண்டு வெள்ளைக் குதிரைகள் இடம் மாறி நின்றால் பரவாயில்லை, ஒன்றாகவே எண்ணப்படும்.

எண்ணிப் பழகப் பெர்லின் டிரா (பெர்லின் தற்காப்புத் தொடக்கத்தில் வரும் ஒரு டிரா வரிசை) நல்லது. கறுப்பின் 10-ஆவது நகர்வுக்குப் பின் ராணிகள் டி4, டி6-இல் எதிரெதிரே. வெள்ளை இ4-க்குப் போய் செக், கறுப்பு இ6-இல் மறைக்கும். வெள்ளை டி4-க்குத் திரும்பும், கறுப்பு டி6-க்கு. கறுப்பின் 10, 12, 14-க்குப் பின் அதே நிலை, மூன்று ஆயிற்று. பேசி டிரா செய்யத் தடை உள்ள போட்டிகளுக்கு இது கொல்லைப்புறக் கதவு. எனக்கு இது பிடிக்காது, ஆனால் விதிப்படி செல்லும்.

ராபிட்ரங்கன்:
கொல்லைப்புறம் என்று முழுக்க ஒதுக்க முடியாது. தோற்கிற பக்கம் நித்திய செக் (முடிவில்லாமல் செக்) கொடுத்துத் தப்புவதும் இதே விதியால்தான், அதற்குத் தனி விதி கிடையாது. டிரா வேண்டாதவர் வேறு நகர்வு ஆடி விலகலாம்: 2024 சிங்கப்பூர் உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு ஆடிய குகேஷ், 26-ஆவது நகர்வில் ராணியை எச்4-க்கு நகர்த்தி டிங் லிரெனுக்கு டிராவை மறுத்தார். கடைசியில் டிராதான், அது வேறு.

பிள்ளைகள் குழம்ப ஆன்லைனும் காரணம். செஸ்.காமில் மூன்றாம் முறை தானாகவே டிரா ஆகிவிடும். நேரடிப் போட்டியில் கேட்காவிட்டால் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்தாம் முறைதான் யாரும் கேட்காமலே முடியும், அது 2014-இல் வந்த விதி. ராபிடில் (குறைந்த நேர ஆட்டத்தில்) நகர்வுகளை எழுதுவது கட்டாயமில்லாததால் நிரூபிப்பது பெரும்பாடு. இரண்டாம் முறை வரும்போதே ஆர்பிட்டர் பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கறுப்புக்கட்டம்:
எழுதிக் கேட்டபின், இதைவிட நல்ல நகர்வு கண்ணில் பட்டால் மாற்றலாமா?

ஸ்கோர்ஷீட்:
முடியாது. கிளெய்மைத் திரும்பப் பெறவும் முடியாது. மறுக்கப்பட்டால், எழுதிய நகர்வையே ஆடியாக வேண்டும்.