பண்டிகை நெரிசலில் பார்சல் வண்டி ஓட்டுபவர்களே, கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். டெலிவரி வேலையில் இருக்கிறேன், பண்டிகைக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது, பின்கதவு வரை பெட்டி அடுக்கித்தான் கிளம்ப வேண்டியிருக்கிறது. கடைசியில் கொடுக்க வேண்டியதை உள்ளே தள்ளி, முதலில் கொடுப்பதைக் கதவோரம் வைக்கிறேன், அதுவரை சரி. ஆனால் ஆப் நடுவழியில் வரிசையை மாற்றிவிட்டால் அவ்வளவுதான், ஒரு சின்னக் கவருக்காகப் பாதி வண்டியைக் கலைக்க வேண்டும். மார்க்கரில் பெரிதாக எண் எழுதி வைப்பது, தெரு வாரியாகப் பை பிரிப்பது, எது உங்களுக்குக் கைகொடுக்கிறது?

அப்புறம் இந்த ஓடிபி, அதாவது பார்சலை வாங்கும்போது வாடிக்கையாளர் தன் போனில் வந்ததைப் பார்த்துச் சொல்ல வேண்டிய எண். வாசலில் நின்று கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை, எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள்? திருப்பிக் கொண்டுபோனால் மறுநாள் சுமையோடு அதுவும் சேர்ந்துகொள்கிறது.

முக்கியமாக இடுப்பு வலி. முழங்காலை மடக்கி, பெட்டியை உடம்போடு ஒட்டித் தூக்கச் சொல்கிறார்கள், தரையில் இருந்தால் சரி, குறுகலான மாடிப்படியில் கனமான பெட்டியோடு அது எப்படி முடியும்? வழியில் கழிப்பறை கிடைக்காது என்று தண்ணீரே குடிக்காமல் ஓட்டும் பையன்களைப் பார்க்கிறேன், மனசு கேட்கவில்லை. அனுபவம் உள்ளவர்கள் இவற்றை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று விவரமாக எழுதுங்கள், புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கும் காட்டுகிறேன்.