காமன் கூத்து மன்றத்தைப் பதிவு செய்ய வழிகாட்டல் தேவை

குழும உறவுகள் அனைவருக்கும் வணக்கம். நுவரெலியா மாவட்டத்திலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மாசி அமாவாசைக்குப் பின் காமன் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டிக் காமன் எரிக்கப்படும் வரை ஆடப்படும், ரதி, மன்மதன் கதையைச் சொல்லும் காமன் கூத்தை இளைஞர்களுக்கு முறையாகக் கற்பிப்பதற்காக ஒரு கலை மன்றத்தைத் தொடங்கியிருக்கிறோம்.

கலையை வளர்ப்பதற்கென்று கலாசார அலுவல்கள் திணைக்களமும், இந்து சமய, கலாசார அலுவல்கள் திணைக்களமும் இருக்கின்றன. பிரதேச செயலகங்களில் கலாசார உத்தியோகத்தர்களும் பணியாற்றுகிறார்கள். ஆயினும் அறிவித்தல்கள் நகரத்து அலுவலகப் பலகையோடு நின்றுவிடுவதால், கொழுந்து பறித்துவிட்டு மாலையில் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) திரும்புகிறவர்களுக்கு அவை எட்டுவதேயில்லை. விழா நாளில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதைவிட, தப்புப் பறைக்குத் தோல் மாற்றவும், ரதி, மன்மதன் வேடங்களுக்கு உடை தைக்கவும், பாடல்களை மனனமாக வைத்திருக்கும் முதியவர்களுக்குக் கற்பித்தலுக்கான கொடுப்பனவு வழங்கவும் செலவிடப்படும் பணமே கூத்தைக் காக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

மன்றம் ஒன்றைப் பதிவு செய்த அனுபவம் உள்ளவர்கள், மன்றத்தின் யாப்பும் (விதிமுறைகளும்) உறுப்பினர் பட்டியலும் எந்த வடிவில் கேட்கப்பட்டன, கிராம உத்தியோகத்தரின் சான்று போதுமானதா, தோட்ட நிர்வாகத்தின் கடிதமும் வேண்டுமா (எங்களுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை, பயிற்சி கோயில் முற்றத்தில்தான் நடக்கிறது) என்பவற்றை விளக்கினால் பேருதவியாக இருக்கும். இலங்கை அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியிருப்பதால், தமிழிலேயே விண்ணப்பிக்க விரும்புகிறோம். மாதிரி விண்ணப்பம் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கூத்துகளை ஆடும் அயல் தோட்டத்துக் குழுவினர் எங்களுடன் சேர்ந்து விண்ணப்பிக்க விரும்பினால், கீழே தெரிவிக்கவும்.