ஆக்டிவ் கிராஸ்ஓவரை எங்கே இணைப்பது?

கேள்வி (ஜெயநகர், பெங்களூரு):
வணக்கம். என்னிடம் இருவழி ஸ்பீக்கர்களும் (தாழ்ஒலிக்கு ஊஃபர், உயர்ஒலிக்கு ட்வீட்டர் கொண்டவை) இரண்டு ஸ்டீரியோ பவர் ஆம்ப்ளிஃபையர்களும் உள்ளன. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஆக்டிவ் கிராஸ்ஓவரை (ஆம்ப்ளிஃபையருக்குச் செல்லுமுன்பே ஒலியைத் தாழ், உயர் எனப் பிரிக்கும் கருவி) எங்கே இணைக்க வேண்டும்? ஸ்பீக்கரின் பின்புறம் ஊஃபர், ட்வீட்டர் முனைகளை இணைக்கும் பித்தளைத் தகடுகளைக் கழற்றினால் போதுமா?

மறுமொழி 1:
ப்ரீஆம்ப்ளிஃபையருக்கும் (ஒலி மூலத்தையும் ஒலியளவையும் தேர்ந்தெடுக்கும் பகுதி) பவர் ஆம்ப்ளிஃபையர்களுக்கும் இடையில் இணைக்க வேண்டும். 'லோ' வெளியீடு ஊஃபருக்கான ஆம்ப்ளிஃபையருக்கும், 'ஹை' வெளியீடு ட்வீட்டருக்கான ஆம்ப்ளிஃபையருக்கும் செல்லும். தகடுகளைக் கட்டாயம் கழற்றுங்கள். இல்லையெனில் இரண்டு ஆம்ப்ளிஃபையர்களின் வெளியீடுகளும் ஒன்றோடொன்று இணைந்து பழுதாகிவிடக்கூடும். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் பாசிவ் கிராஸ்ஓவரையும் (ஆம்ப்ளிஃபையருக்குப் பின் ஒலியைப் பிரிக்கும் சுற்று) நீக்கினால்தான் முழுப் பயன் கிடைக்கும்.

மறுமொழி 2:
நண்பரே, பாசிவ் கிராஸ்ஓவரை நீக்குமுன் சற்று யோசியுங்கள். ட்வீட்டரின் ஒலியளவை ஊஃபருக்கு ஏற்பச் சமன்செய்வதும் பெரும்பாலும் அந்தச் சுற்றுதான் என்பதால், அளவீட்டு மைக் இல்லாமல் அதில் கைவைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நீக்குவதானால், ட்வீட்டரைப் பாதுகாக்க, அதனுடன் தொடராக ஒரு கெபாசிட்டரை இணைத்து, பவர் ஆம்ப்ளிஃபையர்களைக் கடைசியாக ஆன் செய்து, முதலில் ஆஃப் செய்யுங்கள்.