திருகோணமலைக்கு இடமாற்றம்: ஊர் ஆட்களோடு பழக எங்கே போகலாம்?

மட்டுநகர்ப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் இருந்து இடமாற்றத்தில் வந்திருக்கிறேன், மாகாணக் கந்தோர் ஒன்றில் வேலை, உவர்மலையில் ஒரு போர்டிங்கில் இருக்கிறேன். வேலை நாட்களில் பொழுது போவதே தெரிவதில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆனால் கந்தோரில் பாதிப் பேர் மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை பஸ் பிடிக்க ஓடிவிடுகிறார்கள், நானும் அவர்களோடு ஓடுகிறேன், அதனால் எனக்கு இந்த ஊர் என்றால் இன்றைக்கும் கந்தோரும் பஸ் நிலையமும்தான். எப்படியும் சில வருடம் இங்கே இருக்க வேண்டி வரும், ஊர் ஆட்களோடு பழக ஆசையாக இருக்கிறது. எங்கே போகலாம்? ஒரு பெண் தனியாகப் போய் இருக்கக்கூடிய இடமாகவும் இருக்க வேண்டும். போர்டிங்கை மாற்றவும் யோசிக்கிறேன், எந்தப் பக்கம் நல்லது? பேஸ்புக்கில் கேட்டால் ஹோட்டல் விளம்பரம்தான் வருகிறது.

உவர்மலை அக்கா:

தங்கச்சி, முதல் வேலையாக ஒரு சனி ஞாயிறு ஊருக்குப் போகாமல் இங்கே நில்லுங்கள். இடமாற்றத்தில் வருகிறவர்கள் வருடக்கணக்கில் இருந்தும் பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாமல் போவதற்கு அந்த வெள்ளிக்கிழமை பஸ்தான் காரணம். எங்கள் ஆட்கள் ஒருவரை இரண்டு மூன்று தரம் கண்டால்தான் வாய் திறப்பார்கள், அதற்குப் பிறகு விடமாட்டார்கள்.

பின்னேரம் வெயில் தாழ டச்பே கடற்கரைக்குப் போங்கள். குடும்பம் குடும்பமாக வந்து இருப்பார்கள், பிள்ளைகள் ஓடித் திரியும், பெண்கள் நடக்க வருவார்கள், தனியாக இருந்தாலும் யாரும் ஒரு மாதிரிப் பார்க்க மாட்டார்கள். ஒரே நேரத்துக்கு ஒரே பக்கமாகப் போனால்தான் முகம் பழகும். இருட்டிய பிறகு கூட்டம் இருக்கிற பக்கமாகவே நில்லுங்கள், மாரி காலத்தில் கடலில் இறங்க வேண்டாம்.

கோணேசர் கோவிலுக்கு சனி ஞாயிறில் வெளியூர்ச் சனம்தான் பஸ் பஸ்ஸாக வரும், கோட்டை வாசலில் இருந்தே நெரிசல். ஊர் ஆட்களைக் காண வேண்டுமென்றால் வார நாளில் பூசை நேரம் பார்த்துப் போங்கள். ஆனால் ஆட்களைப் பழக நான் சொல்வது உங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற சின்னக் கோவிலைத்தான். திருவிழா நேரம் மாலை கட்டுகிற அம்மாமாரோடு போய் இருந்துவிடுங்கள், யாரும் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்த புதிதில் அப்படிப் போய் இருந்தபோது, நனைத்த வாழைநாரைக் கையில் தந்து "பிள்ளை, நெருக்கிக் கட்டு, சாமி தெருவுக்குப் போக முன்னமே பூ உதிர்ந்துவிடும்" என்று அதட்டிய ஆச்சிதான் எனக்கு இங்கே முதல் சிநேகிதி. நல்ல தையல்காரி யார், காய்ச்சல் என்றால் எந்த டாக்டர், எந்த மீன்காரரை நம்பலாம், எல்லாம் அவர் வாயால் கேட்டதுதான்.

சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் மட்டும் மட்டக்களப்புக்குப் போய்விடாதீர்கள். வீட்டுக்கு வீடு நிறைகுடம் வைத்து எல்லாரும் வாசலில் நிற்கும் நேரம் அது, உங்கள் ஒழுங்கையில் இருக்கிற அத்தனை பேரையும் ஒரே இரவில் கண்டுவிடலாம்.

நாலாம் கட்டை:

போர்டிங் விஷயம் நான் சொல்கிறேன். அறையைக் காலையில் போய்ப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள், பகல் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பிளாட் போட்ட, அதாவது ஓடு இல்லாமல் கொங்கிரீட் கூரை போட்ட, வீட்டின் மேல்மாடி இரவு பத்து மணிக்கும் கொதிக்கும், மின்விசிறி அனல் காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். ஓட்டு வீடு, சுற்றிவர மரம் இருந்தால் கொஞ்சம் வாடகை கூட என்றாலும் எடுங்கள். பாலையூற்று, அன்புவழிபுரம் பக்கமும் கேட்டுப் பாருங்கள், அங்கே குடியிருக்கும் குடும்பங்கள் அதிகம்.

இங்கே இடத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள், டவுனில் இருந்து எத்தனையாவது மைல் என்று. கண்டி வீதியிலும் கட்டை இருக்கிறது, நிலாவெளி வீதியிலும் இருக்கிறது, அதனால் எந்த வீதி என்று கேட்காமல் ஓட்டோவில் ஏறாதீர்கள்.

தரகருக்கு முன்காசு கொடுக்கவே வேண்டாம். எங்கள் சொந்தக்காரப் பெடியன் ஒருவனிடம் ஒரு தரகர் காசை வாங்கிவிட்டு, ஏற்கெனவே ஆள் இருக்கிற அறையைக் காட்டினார், காசு திரும்பி வரவில்லை.

கிண்ணியாத் தாத்தா:

சகோதரி, உங்கள் கந்தோரிலேயே கிண்ணியா, தம்பலகாமம் ஆட்கள் இருப்பார்களே? அவர்கள் வெள்ளிக்கிழமை எங்கேயும் ஓடுவதில்லை, தினமும் வீட்டில் இருந்து வந்து போகிறவர்கள். பகல் சாப்பாட்டை அவர்களோடு இருந்து சாப்பிடுங்கள். வீட்டுக்குக் கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள், மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், நாங்கள் கூப்பிட்டால் உண்மையாகத்தான் கூப்பிடுவோம். 2009இல் பாலம் திறக்கும் வரைக்கும் நாங்கள் டவுனுக்கு வருவதென்றால் துறையில் காத்திருந்து பாதையில், அதாவது ஆட்களைக் கரை கடத்துகிற மிதவைப் படகில், ஏறித்தான் வர வேண்டும், இப்போது பஸ்ஸில் ஏறினால் நேரே வரலாம். நோன்புப் பெருநாளுக்கு வந்து பாருங்கள், எருமைத் தயிர்ச் சட்டியும் கையில் தந்துதான் அனுப்புவோம்.

அப்புறம், கொஞ்சம் சிங்களம் பேசப் பழகுங்கள். மூன்று சனமும் சேர்ந்து இருக்கிற ஊர், தமிழ் மட்டும் பேசினால் சமாளிக்கலாம்தான், ஆனால் மரக்கறிக் கடைக்காரரே இரண்டும் பேசுவார்.

பழைய தபால்காரர்:

கடற்கரையில் நடப்பதைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம். அங்கே சிரிப்பார்கள், கதைப்பார்கள், வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவார்கள். சேர்ந்து ஒரு வேலை செய்தால்தான் பழக்கம் நிற்கும், மாலை கட்டச் சொன்னது அதனால்தான் சரியான யோசனை. மகளே, உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஞாயிறு காலையில் கோவில்களில் அறநெறி வகுப்பு நடக்கும், பல இடத்தில் ஆசிரியர் போதாது. ஒரு பிள்ளைக்குப் படிப்பித்தால் அந்த வீட்டார் முழுப் பேரும் உங்களுக்குச் சொந்தம். நான் வேலைக்கு வந்த காலத்தில் சனசமூக நிலையத்தில் பத்திரிகை வாசிக்கப் போய்த்தான் ஆட்களைப் பிடித்தேன், இப்போது அங்கே கூட்டம் குறைவு. பொது நூலகம் இருக்கிறது, அங்கேயும் போய் ஒரு அங்கத்துவ அட்டை எடுத்து வையுங்கள்.

மட்டுநகர்ப் பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. இந்தச் சனி ஞாயிறு நிற்கிறேன், அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். பாலையூற்றில் ஓட்டு வீட்டில் ஒரு அறை இருப்பதாகக் கந்தோரில் சொன்னார்கள், சனி பகல் இரண்டு மணிக்கே போய்ப் பார்க்கிறேன். ஐயா, அறநெறி வகுப்புக்கு எனக்குச் சமயப் பாடம் படிப்பிக்கத் தைரியம் இல்லை, ஆனால் சங்கீதம் முறையாகப் படித்திருக்கிறேன், அது உதவுமா?

உவர்மலை அக்கா:

உதவுமாவா? சம்பந்தர் கோணேசருக்குப் பாடிய பதிகத்தை எங்கள் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்புவிக்கிறார்கள், பண்ணோடு பாடச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஞாயிறு காலை எட்டரைக்கு வாருங்கள், இடத்தைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். சுருதிப்பெட்டி இருந்தால் கொண்டு வாருங்கள், எங்களுடையது பழுது.