ஃபுஜிகாவா மாரு: லேத் பட்டறையோடு மூழ்கிய சரக்குக் கப்பல்

போருக்காக மாற்றிய சரக்குக் கப்பலை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் பார்த்தது கடலுக்கு அடியில்.

பசிபிக் கடலில், மைக்ரோனேசியாவில் சூக் என்று ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதன் பெயர் ட்ரக், ஜப்பானியக் கடற்படையின் பெரிய தளம். 1944 பிப்ரவரி 17, 18 தேதிகளில் அமெரிக்க விமானங்கள் அங்கே 40க்கும் மேற்பட்ட கப்பல்களை மூழ்கடித்தன. அவற்றில் நிறைய, பெயருக்குப் பின்னால் ‘மாரு’ போட்ட வணிகக் கப்பல்கள். ஃபுஜிகாவா மாருவும் அதில் ஒன்று.

1938இல் நாகசாகியில் மிட்சுபிஷி கட்டிய கப்பல், 6,938 டன். சரக்கு ஏற்றிப் பிழைத்தது இரண்டு வருடம்தான். 1940 டிசம்பரில் கடற்படை எடுத்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஆறு அங்குலப் பீரங்கி பொருத்தி, விமானம் சுமக்க விட்டது. அந்தப் பீரங்கி 1899இல் இங்கிலாந்தில் செய்தது என்று டைவிங் கைடு சொன்னார். கப்பலைவிடப் பீரங்கிக்கு 39 வயது அதிகம்!

கயிற்றைப் பிடித்து இறங்கினோம். கப்பல் சாயாமல் நேராக உட்கார்ந்திருக்கிறது. அடிப்பகுதி 34 மீட்டர் ஆழத்தில். முன்பக்கப் பீரங்கி முழுக்கப் பவளம் மூடி, மரக்கிளை மாதிரி நின்றது. அடுத்து ஹோல்டுக்குள், அதாவது சரக்கு வைக்கும் அறைக்குள், டார்ச் அடித்தால், இறக்கை கழற்றிய ஜீரோ என்ற ஜப்பானியப் போர் விமானத்தின் உடல். விமானி உட்காரும் இடத்தில் வண்டல் நிரம்பிக் கிடந்தது. காலில் மாட்டிய நீச்சல் துடுப்பு பட்டால் கலங்கிவிடுமே என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

ஆனால் என்னை உலுக்கியது விமானம் இல்லை. எஞ்சின் அறைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. நான் லேத் (இரும்பைக் கடையும் இயந்திரம்) பட்டறையில் வளர்ந்தவன். டார்ச் வெளிச்சத்தில் லேத்தைப் பார்த்ததும் கை தானாகக் கைப்பிடியைத் தேடியது. துளையிடும் இயந்திரமும் பக்கத்திலேயே. மேலே குளியலறையில் ஓடுகள் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பீரங்கியைப் பிறகு கொண்டுவந்து வைத்தார்கள். மற்றதெல்லாம் வேலைக்குப் போகிற ஒரு கப்பலின் சாமான்.

1943 செப்டம்பரில் அமெரிக்க நீர்மூழ்கி ஒன்றின் டார்பிடோ (நீருக்குள் பாயும் குண்டு) பட்டும் பிழைத்து, ட்ரக்குக்கு வந்து சரிசெய்துகொண்ட கப்பல் இது. கடைசிப் பயணத்தில் 30 விமானங்களைப் பாகம் பாகமாகக் கொண்டுவந்து இறக்கியது. பாகங்களை ஒன்றுசேர்த்து முடிப்பதற்குள் தாக்குதல் வந்துவிட்டது. பெரும்பாலானவை தரையிலேயே அழிந்தன. கப்பலுக்கும் நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால் டார்பிடோ விழுந்தது. நீந்தி வெளியே வரும்போது அந்த ஓட்டையைக் கண்டேன். அன்று மாலை யாரிடமும் பேசத் தோன்றவில்லை.

*

(மேலே உள்ளதைப் படித்த இன்னொருவரின் பதில்)

அண்ணா, ஃபுஜிகாவா மாருவின் லேத் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் நானும் சொல்லியே ஆகவேண்டும். கப்பலில் எஞ்சினியராக இருக்கிறேன். ஜப்பானின் யோகோஹாமாவில் இறங்கியபோது யமாஷிதா பூங்கா ஓரம் கட்டியிருக்கும் ஹிகாவா மாருவுக்குப் போனேன். 1930இல் கட்டியது, பயணிகளும் சரக்கும் ஏற்றி அமெரிக்காவின் சியாட்டிலுக்குப் போய்வந்த கப்பல். 1941 இறுதியில் கடற்படை அதை மருத்துவக் கப்பலாக்கி, வெள்ளை அடித்துச் செஞ்சிலுவை வரைந்தது. கடலில் வைத்த கண்ணிவெடியில் மூன்று முறை சிக்கியும் மூழ்கவில்லை. போர் முடிந்ததும் வெளிநாட்டில் இருந்த வீரர்களை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. 1953இல் மறுபடியும் சியாட்டில் பாதைக்கே போய், 1960 வரை ஓடியது.

கீழே பர்மைஸ்டர் அண்டு வைன் என்ற டென்மார்க் நிறுவனத்தின் இரண்டு டீசல் எஞ்சின்கள், மாடி உயரத்துக்கு. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சக்கரத்தின் பித்தளை, கை பட்டுப் பட்டு வழவழப்பாகியிருந்தது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். உங்கள் கப்பலும் இப்படிக் கரையில் நின்றிருக்கக் கூடாதா என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் முதல் வகுப்பு அறைகளைப் பிறகு பாருங்கள். முதலில் எஞ்சின் அறைக்கு இறங்குங்கள்.